ஆயாவின் கல்யாணம் ஏன் சிவந்தது?

போகிக்கு முன்னால் கரியமாணிக்கத்தில் என் அக்கா வீட்டில் பரண் ஒழிக்கும் வேலை நடந்தது. ஒரு தகரப் பெட்டி இறங்கியது. திறந்தால் அந்துருண்டை வாசனை. உள்ளே கட்டுக்கட்டாகப் போட்டோக்கள். ஆறாவது படிக்கும் அக்கா மகள் இரண்டை எடுத்து என் மூக்கருகே நீட்டினாள்.

"மாமா, இது கொள்ளுப்பாட்டி கல்யாணம். இது ஆயா கல்யாணம். கொள்ளுப்பாட்டி படம்தானே பழசு? அது பளிச்சுன்னு இருக்கு. ஆயா மட்டும் ஏன் செக்கச்செவேல்னு ஆயிட்டாங்க?"

எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்போம். ஆயாவின் படம் 1982-இல் எடுத்த கலர். கொள்ளுப்பாட்டி படம் கறுப்பு வெள்ளை. விடை சின்னதுதான்: கொள்ளுப்பாட்டி வெள்ளியால் ஆனவர், ஆயா சாயத்தால் ஆனவர்!

பிலிம் என்பது ஒரு பிளாஸ்டிக் பட்டை. அதன்மேல் ஜெலட்டின் என்ற பசையைப் பூசியிருப்பார்கள். அது மாட்டின் தோலையும் எலும்பையும் வேகவைத்து எடுப்பது. பசைக்குள் சில்வர் புரோமைடு என்ற வெள்ளி உப்பு, பொடிப்பொடிப் படிகங்களாக இருக்கும். கேமரா 'க்ளிக்' என்றதும் ஒளி பட்ட படிகங்களில் மட்டும் ஒருசில வெள்ளி அணுக்கள் உருவாகும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. இருட்டறையில் டெவலப்பர் கரைசலில் போட்டால், அந்தப் படிகம் முழுக்க வெள்ளியாகிவிடும். இவ்வளவு நுண்ணிய வெள்ளி பளபளக்காது, கறுப்பாகத் தெரியும். ஒளி படாத உப்பை 'ஹைப்போ' என்ற மற்றொரு கரைசல் கரைத்துவிடும்.

அப்படியானால் வெளிச்சமான இடம் கறுப்பாகத்தானே வரும்? ஆமாம், அதுதான் நெகட்டிவ். பெட்டியில் கிடந்த ஒன்றை அவள் ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். தாத்தா கறுப்புப் பல்லும் வெள்ளை மீசையுமாகச் சிரித்தார். அதன் வழியே ஒளியை, வெள்ளி உப்பு பூசிய தாளில் விழவைத்து மறுபடி கழுவினால் தாத்தா தாத்தாவாகிவிடுவார்.

இதில் கடுகுக்கும் ஒரு பங்கு உண்டு. ஒரு ஜெலட்டினில் செய்த பிலிம் ஒளியைச் சட்டென்று பிடிக்கும். இன்னொன்றில் செய்தது மந்தமாக இருக்கும். ஏனென்று அமெரிக்காவின் கோடாக் ஆய்வகத்தில் சாமுவேல் ஷெப்பர்டு ஆராய்ந்தார். 1925-இல் காரணம் தெரிந்தது: மாடுகள் தின்ற கடுகுச் செடி! அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் ஜெலட்டினில் துளியூண்டு தங்கி, வெள்ளி உப்பை உசுப்பிவிட்டிருந்தன. கடுகை அரைக்கும்போது மூக்கில் ஏறும் அதே காரம்தான்.

அதே கந்தகம் பின்னால் எதிரியாகவும் மாறும். வெள்ளிக் கொலுசு கறுப்பது காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால். போட்டோவிலுள்ள வெள்ளியையும் அவை விடுவதில்லை. படம் மெல்லப் பழுப்பாகும். ஹைப்போவிலும் கந்தகம் உண்டு. அதனால் ஸ்டூடியோவில் சரியாக அலசாத படம் சீக்கிரம் மஞ்சளடிக்கும். கொள்ளுப்பாட்டி படத்தை யாரோ பொறுமையாக அலசியிருக்கிறார்.

கலர் பிலிமிலும் வெள்ளி உப்புதான். ஆனால் கழுவும்போது மூன்று சாயங்களை உருவாக்கிவிட்டு, வெள்ளியை நீக்கிவிடுவார்கள். கருஞ்சிவப்பு, மஞ்சள், நீலப்பச்சை என்பவை அந்த மூன்று. அந்தக் காலக் கலர் தாள்கள் பலவற்றில் நீலப்பச்சைச் சாயம் இருட்டுப் பெட்டிக்குள் கிடந்தாலும் தானே சிதையும். மற்ற இரண்டும் மிஞ்சும். மஞ்சளும் கருஞ்சிவப்பும் சேர்ந்தால் சிவப்பு. ஆயா சிவந்தது இப்படித்தான். நம் ஊர்ச் சூடும் ஈரமும் அதை இன்னும் விரைவாக்கும்.

  

அக்கா வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த ஒரு படம் 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் நனைந்து கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. ஜெலட்டின் ஈரத்தில் ஊறிப் பசையாகிவிடும். பிய்த்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். நாங்கள் பிய்க்கவில்லை, கண்ணாடியோடு சேர்த்தே செல்போனில் படம் எடுத்துவைத்தோம்.

புதுச்சேரி நகரிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடித்தேடி மின்படியாக்கியிருக்கிறது. முன்பின் தெரியாத குடும்பங்களின் படங்களுக்கே அவ்வளவு மதிப்பு!

கொள்ளுப்பாட்டிக்கு அருகில் நிற்கும் பெண் யாரென்று அக்காவுக்குத் தெரியவில்லை. ஆயாவுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் வீட்டிலும் பொங்கல் லீவில் பெட்டியைத் திறந்து, பெரியவர்களிடம் கேட்டு, படத்தின் பின்னால் பெயரை எழுதிவையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிவிடும். பென்சிலால், அழுத்தாமல்.