இருபது மணி நேரப் பாடமும் பத்து நாள் கூலியும்

கடலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது மங்களூர் ஊராட்சி ஒன்றியம். 66 ஊராட்சிகள், மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் பூமி. கிழக்கே விருத்தாசலத்தில் அகல் விளக்கும் பொம்மையும் வார்க்கும் பீங்கான் பட்டறைகள். காட்டு வேலைக்கும் பட்டறை வேலைக்கும் போகிறவர் செல்பேசியை முறையாகக் கையாளப் பழக என்ன செலவாகும்?

அரசின் கணக்கு 2017 பிப்ரவரியில் தொடங்குகிறது. கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த தொகை 2,351.38 கோடி ரூபாய். இலக்கு, வீட்டுக்கு ஒருவராக 6 கோடிப் பேர். தலைக்கு 392 ரூபாய் ஆகிறது. 14 வயது முதல் 60 வரை உள்ளவர்களுக்கு 20 மணி நேரப் பாடம். சொல்லிக்கொடுத்த மையத்துக்கு ஆளுக்கு 300 ரூபாய், அதாவது மணிக்கு 15 ரூபாய். 2024 மார்ச் 31இல் திட்டம் முடியும் வரை படித்தவர்கள் 6.39 கோடி, தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கியவர்கள் 4.77 கோடி. மீதி 1.62 கோடிப் பேர் என்றால் நாலில் ஒருவர்.

இந்தக் கணக்கில் படிக்க வருகிறவரின் கூலி எங்கும் இல்லை. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26இல் நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். தினம் 2 மணி நேரம் வீதம் 10 நாள் வகுப்பு என்று வையுங்கள். பகலில் நடத்தினால் அந்தப் பத்து நாளும் வேலை கெடும்: 3,360 ரூபாய். சொல்லிக்கொடுப்பவருக்குக் கிடைப்பதைப்போல 11 மடங்குக்கு மேல், கற்றுக்கொள்பவர் கையிலிருந்து போகிறது. ஊராட்சிக்கு 20 பேர் என்றால் ஒன்றியம் முழுக்க 1,320 பேர். பயிற்சிக் கட்டணம் 3,96,000 ரூபாய். இழக்கும் கூலி 44,35,200 ரூபாய். இலவச வகுப்பு என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேரத்தை இரவு 7 முதல் 9க்கு மாற்றினால் இரண்டாவது தொகை அப்படியே மிச்சம்.

தெரியாமல் இருப்பதற்கும் விலை உண்டு. இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு 60 ரூபாய். அது பெரிய சுமை இல்லை, மையம் தேவையும்கூட. ஆனால் சிட்டாவை இணையத்தில் பார்க்கக் கட்டணமே கிடையாது. சிறுதொழில்களுக்காக 2020 ஜூலை 1இல் வந்த உத்யம் பதிவுக்கும் கிடையாது. ஆதார், பான் எண்களை வைத்துப் பட்டறைக்காரரே முடித்துக்கொள்ளலாம். இவற்றுக்கு இடைத்தரகருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் வீண்.

கைமீறிப் போகும் தொகை வேறு இடத்தில் இருக்கிறது. 2024இல் இணைய மோசடியில் இந்தியர்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று உள்துறை அமைச்சகம் மக்களவையில் சொன்னது. முந்தைய ஆண்டு 7,465 கோடி. ஆறு கோடிப் பேருக்குக் கற்றுத்தர ஒதுக்கியதைப்போல ஏறக்குறைய 10 மடங்கு, ஒரே ஆண்டில் பறிபோயிருக்கிறது. அதனால் 20 மணியில் 4 மணியையாவது ஓடிபி, போலி இணைப்பு, பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை என்கிற விஷயம், 1930 உதவி எண் ஆகியவற்றுக்கு ஒதுக்க வேண்டும். மையத்துக் கணினியில் அல்ல, அவரவர் செல்பேசியிலேயே பழக வேண்டும். மணிக்கு 15 ரூபாய் கணக்கில் அந்த 4 மணிக்கு ஆளுக்கு 60 ரூபாய். 1,320 பேருக்கு 79,200 ரூபாய்.