துண்டறிக்கை போதாது: மறதி நோய் வந்த வீட்டுக்கு எந்த உதவி பலிக்கிறது?

சாப்பிட்டுக் கை கழுவி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, “எனக்கு யாருமே சோறு போடல” என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்வார் மாமியார். நடுராத்திரியில் எழுந்து, ஊருக்குப் போகணும், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கதவைத் தட்டுவார். டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் புகுந்த வீட்டில் இதெல்லாம் அன்றாடம். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. இவர்களில் பெரும்பாலானவர்களை வீட்டில்தான் பார்த்துக்கொள்கிறார்கள். வீடு என்றால் முழு வீடும் இல்லை. அநேகமாக ஒரு மனைவி, ஒரு மகள், அல்லது ஒரு மருமகள்.

அவர்களுக்காக முகாம்களும் வகுப்புகளும் நடக்கின்றன. செப்டம்பர் மாதம் வந்தால் விழிப்புணர்வு ஊர்வலம் போகிறது, துண்டறிக்கை கொடுக்கிறார்கள். இவற்றால் அந்த மருமகளின் ராத்திரி கொஞ்சமாவது மாறுகிறதா?

கோவாவில் வீடு தேடிப் போனவர்கள்

இந்தக் கேள்விக்கு நம் நாட்டிலேயே ஒரு பதில் இருக்கிறது. கோவாவின் இரண்டு தாலுகாக்களில் 81 குடும்பங்களை வைத்து நடந்த ஆய்வு 2008-இல் வெளியானது. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த பாதிக் குடும்பங்களின் வீட்டுக்கே ஆலோசகர்கள் போனார்கள். அவர்கள் டாக்டரோ நர்ஸோ அல்லர். கொஞ்ச காலம் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது என்று ஆறு மாதம் போனார்கள். இது என்ன நோய், அம்மா ஏன் இப்படி நடந்துகொள்கிறார், குளிக்க மறுத்தால் என்ன செய்யலாம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். நிலைமை முற்றினால் மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். முதியோருக்கான அரசுத் திட்டங்களைச் சொன்னார்கள். இதே சிக்கலில் இருக்கும் மற்ற குடும்பங்களோடு அறிமுகம் செய்துவைத்தார்கள். மீதிக் குடும்பங்களுக்கு நோயைப் பற்றிய தகவல் மட்டும் கிடைத்தது.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, ஆள் வந்துபோன வீடுகளில் பராமரிப்பவரின் மனநலம் தேறியிருந்தது. நோயாளியின் நடத்தையால் வரும் மனக்கலக்கம் குறைந்திருந்தது. நோயாளியின் நிலையில் மட்டும் உறுதியாகச் சொல்லும்படியான மாற்றம் இல்லை.

நோய் குறையவில்லை என்றால் தோல்வியா?

அப்படிச் சொல்பவர்கள் உண்டு. தப்பான தராசு அது. மறதி நோயைக் குணப்படுத்தும் மருந்து இன்று வரை இல்லை. வீட்டில் தாங்கிப் பிடிக்கும் ஆள் விழுந்தால் நோயாளியும் சேர்ந்தே விழுவார். ஆகவே பராமரிப்பவர் எப்படி இருக்கிறார் என்பதைத்தான் முதலில் அளக்க வேண்டும்.

நியூயார்க்கில் மேரி மிட்டல்மன் குழு 1987-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் நடத்திய ஆய்வு, பராமரிப்பவரைத் தாங்கினால் நோயாளியும் வீட்டில் நிலைப்பார் என்பதைக் காட்டியது. கணவனையோ மனைவியையோ பராமரித்துவந்த 406 பேர் அதில் சேர்ந்தார்கள். உதவி பெற்ற குழுவில் தனியாக இரண்டு அமர்வு, குடும்பத்தோடு நான்கு அமர்வு, பிறகு ஆதரவுக் குழு, தேவைப்படும்போது தொலைபேசி ஆலோசனை. இந்த உதவி கிடைத்த வீடுகளில், நோயாளி பராமரிப்பு இல்லத்துக்குப் போவது சுமார் 557 நாட்கள் தள்ளிப்போனது என 2006-இல் அறிவித்தார்கள்.

என் கணிப்பில் அந்த நான்கு குடும்ப அமர்வுகள்தாம் முக்கியம். நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். வெளியூர் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் வருவார். “அம்மா நல்லாத்தானே பேசுறாங்க, நீதான் பெருசு பண்றே” என்பார். அம்மாவின் மறதியைவிட இந்த ஒரு வாக்கியம் தங்கையை அதிகம் உடைத்துவிடும். அண்ணனை உட்காரவைத்து விளக்க வெளியாள் ஒருவர் வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தில் கில் லிவிங்ஸ்டன் குழு 260 பராமரிப்பாளர்களிடம் நடத்திய சோதனையில், உளவியல் பட்டதாரிகள் எட்டு அமர்வுகள் நடத்தினார்கள். நோயாளிக்கு எந்த நேரத்தில் கோபம் வருகிறது, அதற்கு முன் என்ன நடந்தது என்று குறித்துவைத்துக் காரணம் தேடப் பழக்கினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்தும் அந்தப் பயிற்சி பெற்ற பராமரிப்பாளர்களிடையே மனச்சோர்வு குறைவாகவே இருந்தது.

கைகொடுக்காதவை

நல்லெண்ணம் மட்டும் போதாது. இங்கிலாந்திலேயே 236 பராமரிப்பாளர்களை வைத்து இன்னொரு சோதனை நடந்தது. தன்னார்வலர் ஒருவர் தோழமையாக வந்து பேசிவிட்டுப் போவார் என்பது திட்டம். பாதிப்பேர்தான் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். மனச்சோர்வில் வேறுபாடு தெரியவில்லை. பேச்சுத்துணை இதமானதுதான், ஆனால் குளிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் அப்பாவை என்ன செய்வது என்பதற்கு அதில் விடை இல்லை.

பணமும் அப்படித்தான். படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்குக் கேரள அரசு ‘ஆஸ்வாசகிரணம்’ திட்டத்தில் மாதம் 600 ரூபாய் என்று வைத்தது. பராமரிப்பதும் ஒரு வேலை என்று ஒப்புக்கொண்ட வகையில் பாராட்டலாம். ஆனால் பெரியவர்களுக்கான டயப்பர் ஒன்றிரண்டு பாக்கெட் வாங்கினால் அது தீர்ந்துவிடும்.

தமிழ்நாட்டில் என்ன செய்யலாம்?

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே வந்து சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை தருகிறார்கள். அவர்களுக்கே கோவா ஆலோசகர்களைப் போலப் பயிற்சி தரலாம். தவறாமல் மேற்பார்வையிட ஒரு மனநல மருத்துவரும் வேண்டும். வேலைப்பளு கூடும், ஊதியத்தையும் கூட்டித்தான் ஆக வேண்டும்.

அதுவரை, எந்த உதவித் திட்டத்தில் சேர்வதானாலும் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். வீட்டுக்கு ஆள் வருவார்களா, எத்தனை மாதம் வருவார்கள், வகுப்பு முடிந்த பிறகு போன் செய்தால் எடுப்பார்களா? மறதி நோய் வந்த குடும்பங்களுக்கு உதவ 1992-இல் கேரளத்தில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. அமைப்புக்குச் சென்னையிலும் கிளை உண்டு. முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் கட்டணமில்லாத அரசு எண்கள். பராமரிப்பவர் தன் தூக்கமின்மையையும் அழுகையையும் சொல்லவும் இரண்டாவது எண்ணை அழைக்கலாம். வெளியூரிலிருந்து பணம் அனுப்பும் பிள்ளை நீங்கள் என்றால், அடுத்த முறை அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போகும்போது லீவு போட்டுவிட்டு நீங்களும் போங்கள்.