பல்லுக்கும் ஒரு சிமெண்ட்

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா பல்லில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்னும். இப்படி இனிப்பு ஒட்டி ஒட்டிச் சொத்தை விழுந்து, பல்லை அடைத்துக்கொண்டு வருபவரைக் கேட்டால், "சிமெண்ட் வச்சு அடைச்சிட்டாங்க" என்பார். பேச்சுக்குச் சொல்வதுதான். ஆனால் ஒருவகை அடைப்பில் அது நிஜமாகவே சிமெண்ட்!

அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் உருவாகி, 1993-இல் வெளியுலகுக்கு வந்த எம்.டி.ஏ. என்ற பொருளில் முக்கால் பங்கு போர்ட்லண்ட் சிமெண்ட். மிச்சத்தில் பெரும்பகுதி பிஸ்மத் ஆக்சைடு, எக்ஸ்ரேயில் தெரிவதற்காக. அதற்காக வீடு கட்ட வாங்கிய மூட்டையை நினைக்க வேண்டாம். வாய்க்குள் வைப்பதில் ஆர்சனிக் முதலியவற்றின் அளவைச் சோதித்துத்தான் அனுப்புகிறார்கள்.

இது ஈரத்தில் இறுகும்போது சுண்ணாம்பு கசியும். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கூடிப்போனால் வாய் வெந்துபோகிறதே, அதே காரம். பல்லின் உள்ளே இருக்கும் கூழில் அது படும்போது மேலடுக்குச் செல்கள் கொஞ்சம் சுட்டுப்போகும். அந்தக் காயத்தை ஆற்ற வரும் செல்கள்தான் புதிதாக ஒரு கடினச் சுவரை எழுப்புகின்றன. சுடுவதிலேயே வைத்தியம் இருக்கிறது. கிராம்பு எண்ணெய்க்கும் இப்படி இரண்டு முகம் உண்டு. அதிலுள்ள யூஜெனால் துளி அளவில் வலியை அடக்கும். அளவு மீறினால் செல்லைக் கொல்லும்.

"செல்களைக் கொல்கிறது" என்று பல் அடைப்புப் பொருளைப் பற்றி எங்காவது படித்துப் பதறுமுன் ஒன்றைக் கவனிக்கலாம். ஆய்வகத் தட்டில் செல்கள் பொருளுக்கு முன்னால் நிராயுதபாணியாகக் கிடக்கும். பல்லில் இடையே டென்டின் என்ற சுவர் நிற்கிறது. குழி ஆழமாகி அந்தச் சுவர் மெலிந்தால்தான் கவலை.

வெள்ளை அடைப்பான காம்போசிட் பிசினில் நீல ஒளி பட்டு இறுகாத மூலக்கூறுகள் மிஞ்சினால் அவை செல்லின் தற்காப்பைக் குறைக்கும். அதனால்தான் மருத்துவர் ஒரேயடியாகத் திணிக்காமல், வழக்கமாக 2 மில்லிமீட்டர் அளவுக்கு அடுக்கடுக்காக வைத்து ஒவ்வொரு முறையும் விளக்கைப் பிடிக்கிறார். அந்த நேரத்தில் வாயை மூட அவசரப்படாதீர்கள்.

பழைய வெள்ளி அடைப்பில் பாதிக்குப் பாதி பாதரசம். 2022-இல், பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள், 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் மருத்துவர் அவசியம் எனக் கருதினாலன்றி அதை வைக்க வேண்டாம் என முடிவெடுத்தன. இந்தியாவும் அதில் உறுப்பு நாடு. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் ஏறக்குறைய நிறுத்தியேவிட்டது. ஏற்கெனவே உங்கள் பல்லில் இருப்பது உறுதியாக இருந்தால் அப்படியே விடலாம். நோண்டி எடுக்கும்போதுதான் பாதரச ஆவி அதிகம் கிளம்பும்.