அரை மணி பார்லி சொன்ன சேதி

ஒரு பார்லி மணியைக் குறுக்கே வெட்டி, கரு உள்ள பாதியை நீக்கிவிட்டு மற்ற பாதியை ஊறவையுங்கள். எத்தனை நேரம் ஊறினாலும் அதன் மாவுச்சத்து அநேகமாக அப்படியே கிடக்கும். அதே நீரில் ஜிப்ரெல்லின் என்ற ஹார்மோனை மிகச் சிறிதளவு சேர்த்தால் போதும், உள்ளே மாவு இளகிச் சர்க்கரையாகத் தொடங்கிவிடும். 1960-இல் ஜப்பானில் யோமோவும் ஆஸ்திரேலியாவில் பேலெக்கும் தனித்தனியே இந்த விளைவைக் கண்டறிந்தார்கள். இத்தனை எளிய சோதனை இத்தனை தெளிவான விடை தந்தது தாவரவியலில் அபூர்வம்.

தானியத்தின் பெரும்பகுதி மாவுச்சத்து நிறைந்த கருவூண் திசு. மணி முற்றும்போதே அந்தச் செல்கள் இறந்துவிடுகின்றன. அதைப் போர்த்தியிருக்கும் அலியூரோன் அடுக்குக்கு மட்டும் உயிர் உண்டு. கோதுமையில் அது ஒரே வரிசை, பார்லியில் மூன்று. அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு போவது இதுதான்.

மணி நீரை உறிஞ்சியதும் கருவிலிருந்து ஜிப்ரெல்லின் கிளம்பி அலியூரோன் செல்களை அடைகிறது. அங்கே அதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிப் புரதம் ஒன்று இருக்கிறது. 2005-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதை நெல்லில்தான் முதலில் அடையாளம் கண்டார்கள். இரண்டும் சேர்ந்தால், அதுவரை மரபணுக்களை முடக்கிவைத்திருந்த டெல்லா வகைப் புரதம் சிதைக்கப்படுகிறது. தடை விலகவே, மாவுச்சத்தை உடைக்கும் ஆல்ஃபா அமைலேஸ் நொதி உருவாகி வெளியே சுரக்கிறது. வேலை முடிந்ததும் அலியூரோன் செல்களும் மடிகின்றன.

நொதி முன்பே செய்து ஒளித்துவைக்கப்பட்டிருந்ததா, புதிதாகப் பிறந்ததா? 1967-இல் ஃபில்னரும் வார்னரும் கனமான ஆக்சிஜன் கொண்ட நீரைப் பயன்படுத்தி இதைத் தீர்த்தார்கள். சுரந்த அமைலேஸ் வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. அந்த நீரிலிருந்த ஆக்சிஜன் அதன் அமினோ அமிலங்களில் ஏறியிருந்தது. ஆக, அது புதிதாகக் கட்டப்பட்டதே.

முளைகட்டிய கேழ்வரகு மாவில் காய்ச்சும் கஞ்சி நீர்த்திருப்பதற்கும் அமைலேஸே காரணம். கஞ்சி கெட்டிப்படாததால் குழந்தைக்குக் கூடுதல் மாவு சேர்த்து ஊட்ட முடிகிறது.

ஜிப்ரெல்லினை எதிர்த்து நிற்பது அப்சிசிக் அமிலம். கதிரில் முற்றும் மணியை அதுதான் முளைக்கவிடாமல் உறங்கவைக்கிறது. உறக்கம் குறைந்த நெல் ரகம் அறுவடை நேரத்து மழையில் சாய்ந்தால் கதிரிலேயே முளைவிட்டுவிடும். காவிரி டெல்டாவில் குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையில் சிக்கும்போது விவசாயிக்கு ஏற்படும் இழப்பு இது. அறுவடைக்குப் பிறகும் சில வாரம் உறங்கும் ரகங்கள் அங்கே தேவைப்படுவது இதனால்தான்.