ஆஸ்கார் மீன்: சரக்கை அறிந்து விற்போம்

பொன்னி என்று சொல்லி வேறு அரிசியைக் கட்டிக் கொடுத்தால் வாடிக்கையாளர் மறுமுறை நம் கடைப் படி ஏறமாட்டார். மளிகைக்கு உள்ள இந்த விதி வண்ண மீன் வியாபாரத்துக்கும் உண்டு. சென்னை கொளத்தூரிலிருந்து சிற்றூர்கள் வரை இன்று வண்ண மீன் கடைகள் பெருகியுள்ளன. அங்கெல்லாம் தவறாமல் இடம் பெறும் சரக்கு ஆஸ்கார். விற்கிறோம், வாங்குகிறோம், ஆனால் அது எந்த நாட்டு மீன், எப்படி இனம் காண்பது, எவ்வளவு வளரும் என்று கேட்டால் பதில் சொல்லத் தடுமாறும் கடைகளே அதிகம். நம் உறுப்பினர்களில் வண்ண மீன் தொழில் செய்வோருக்கும், அதில் இறங்க எண்ணுவோருக்கும் பயன்படும் வகையில் சில செய்திகளை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

பிறந்த இடம்

ஆஸ்காரின் தாயகம் தென் அமெரிக்கா. பிரேசில், பெரு, கொலம்பியா, ஈக்வடார் ஆகிய நாடுகளில் பாயும் அமேசான் ஆற்றுப் படுகையிலும், பிரெஞ்சு கயானாவின் ஆறுகளிலும் அது இயற்கையாக வாழ்கிறது. வேகமாக ஓடும் நீரை விரும்பாது. மெதுவாக நகரும் கிளையாறுகளிலும், விழுந்து கிடக்கும் மரங்களின் நிழலிலும் தங்கும். அங்குள்ள மக்களுக்கு அது அழகு மீன் அல்ல, சாப்பாட்டு மீன். பிரேசிலில் அபாயரி என்பார்கள். பெருவில் அகாராவாசு என்பார்கள். ஊருக்கு ஒரு பெயர் இருப்பதால்தான் உலகம் முழுவதற்கும் பொதுவான அறிவியல் பெயர் ஒன்று தேவைப்படுகிறது. ஆஸ்காருக்கு அப்பெயர் அஸ்ட்ரோநோட்டஸ் ஒசெல்லாட்டஸ்.

இப்பெயர் வந்த கதையும் வியாபாரிகள் அறிய வேண்டியதே. ஜெர்மனியைச் சேர்ந்த ஸ்பிக்ஸ் என்பவர் 1817 முதல் 1820 வரை பிரேசிலில் சுற்றி ஏராளமான உயிரினங்களைச் சேகரித்துக் கொண்டு போனார். 1826இல் அவர் காலமானார். அவர் சேர்த்த மீன்களை வகைப்படுத்தும் வேலை இளைஞரான லூயி அகாசிஸ் கைக்கு வந்தது. ஆஸ்காரைக் கடல் மீன் என்று கருதிய அகாசிஸ், 1831இல் ஒரு கடல் மீன் பேரினத்தின் பெயரையே அதற்குச் சூட்டிவிட்டார். பின்னரே அது நன்னீர் மீன் என்பது தெளிவாகி, இன்றைய பெயருக்கு மாறியது. மூட்டையில் சீட்டு மாறினால் சரக்கு வேறு வரிசைக்குப் போய்விடும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே! பெரிய அறிஞருக்கும் அதுவே நேர்ந்தது.

ஜிலேபியின் உறவினர்

ஆஸ்கார் சிக்லிட் என்னும் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. நம் ஏரிகளில் கிடைக்கும் ஜிலேபி மீனும், கேரளத்தின் கரிமீனும் இதே குடும்பம்தான். இக்குடும்பத்துக்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. பெரும்பாலான மீன்களுக்கு மூக்கின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு துளைகள் இருக்கும். சிக்லிட்டுக்கு ஒரே துளைதான். இரண்டாவது, உடலின் பக்கவாட்டில் ஓடும் கோடு. மற்ற மீன்களில் இது செவுளிலிருந்து வால் வரை தொடர்ந்து செல்லும். சிக்லிட்டில் மேலே ஒரு துண்டு, பின்னால் சற்றுக் கீழே ஒரு துண்டு என அறுபட்டு நிற்பதே வழக்கம்.

ஆஸ்காரை இனம் காண

உடல் முட்டை வடிவில் தடித்திருக்கும். தலை பெரிது; வாய் அகன்றது; உதடு கனமானது. முதுகுத் துடுப்பில் 12 முதல் 14 முட்களும், அதற்குப் பின்னால் 19 முதல் 21 மென்கதிர்களும் இருக்கும். அடித்துடுப்பில் முட்கள் 3. இவ்விரு துடுப்புகளின் பின்பகுதியும் வாலும் விசிறிபோல் வட்டமாக விரியும்.

முக்கிய முத்திரை வாலின் அடியில் உள்ளது. ஆரஞ்சு வளையத்துக்குள் ஒரு கரும்புள்ளி, பார்வைக்குக் கண் போலவே தெரியும். ஒசெல்லாட்டஸ் என்ற சொல்லுக்கே சிறு கண்களை உடையது என்றுதான் பொருள். அமேசானில் துடுப்பைக் கடிக்கும் பிரானா மீன்கள் உண்டு. அவை எது தலை, எது வால் என்று தடுமாறவே இந்தப் பொய்க்கண் உதவுவதாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

குஞ்சுப் பருவத்தில் தோற்றமே வேறு. கரிய உடலில் வெள்ளையும் ஆரஞ்சும் வளைந்து நெளிந்து ஓடும். தலையில் புள்ளிகள் தெரியும். வளர்ந்தபின் வேறு மீன் வந்துவிட்டதாக வாடிக்கையாளர் சண்டைக்கு வருவது இதனால்தான். ஆண், பெண் வேறுபாட்டை வெளித்தோற்றத்தால் கண்டுபிடிக்க இயலாது. எனவே ஜோடி என்று உறுதி கூறி விலை ஏற்றி விற்பது நியாயமாகாது. டைகர், ரெட், ஆல்பினோ என்று நாம் அழைப்பவை பண்ணைகளில் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய நிறங்களே தவிர, தனித்தனி இனங்கள் அல்ல.

ஒரே பெயரில் மூன்று

ஆஸ்கார் என்ற ஒரே பெயரில் இயற்கையில் மூன்று இனங்கள் உள்ளன. ஒசெல்லாட்டஸின் முதுகுத் துடுப்பு அடியிலும் கண்புள்ளிகள் வரிசையாக இருப்பது வழக்கம். பராகுவே, பொலிவியா பக்கம் வாழும் கிராசிபின்னிஸ் என்ற இனத்தில் பொதுவாக அவை இருப்பதில்லை. மூன்றாவது இனம் வெனிசுவேலா, கொலம்பியா நாடுகளின் ஒரினோகோ ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது. அங்கு பவோனா என்ற பெயரில் நெடுங்காலமாக மக்கள் பிடித்து உண்ட மீன்தான். ஆனால் உடல் அளவுகளையும் மரபணுவையும் ஒப்பிட்டு, 2022இல்தான் அது தனி இனம் என்று அறிவித்தார்கள். வெனிசுவேலாவின் நீரடிப் புகைப்படக் கலைஞர் இவான் மிகோல்ஜியைக் கௌரவிக்கும் வகையில் அஸ்ட்ரோநோட்டஸ் மிகோல்ஜியை என்று பெயரிட்டனர்.

பல தலைமுறையாகப் பண்ணையில் பெருகிய மீனைப் பார்த்து, அதன் முன்னோர் எந்த ஆற்றிலிருந்து வந்தவை என்று சொல்வது கடினம். ஆகவே "அசல் அமேசான் சரக்கு" என்று பலகை எழுதும் முன் யோசிக்க வேண்டும்.

உண்மை சொன்னால் நட்டமா?

கடையில் விற்கும் ஆஸ்கார் குஞ்சு 5 செ.மீ. அளவே இருக்கும். நன்கு தீனி கிடைத்தால் ஓராண்டில் 20 முதல் 25 செ.மீ. வரை வளரும். முழு வளர்ச்சியில் 30 செ.மீ.யைத் தாண்டும், எடை ஒரு கிலோவுக்கு மேலும் போகும். பத்து ஆண்டுகள் உயிர் வாழும். வாய்க்குள் அடங்கும் சிறு மீன்களை விழுங்கிவிடும். இதைச் சொல்லாமல் கப்பியோடு சேர்த்துக் கொடுத்தால், சில வாரங்களில் கப்பி காணாமற்போகும். பழி கடைக்கு வரும்.

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டியில் பிடிப்பது சுமார் 56 லிட்டர் நீர். இது ஆஸ்காருக்குப் போதவே போதாது. 4 அடி நீளமும் ஒன்றரை அடி அகல உயரமும் கொண்ட தொட்டியில் சுமார் 250 லிட்டர் பிடிக்கும். ஒரு மீனுக்கு இதுவே ஏற்றது. உண்மையைச் சொன்னால் குஞ்சு வியாபாரம் சற்றுக் குறையலாம். ஆனால் வாங்க முடிவு செய்பவர் பெரிய தொட்டியும் நல்ல வடிகட்டியும் நம்மிடமே வாங்குவார். ஆண்டுக்கணக்கில் தீனிக்கும் நம்மிடமே வருவார். எது லாபம் என்பதை நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஏரியில் விடலாகாது

தொட்டி கொள்ளாத மீனை ஏரியிலோ குளத்திலோ விட்டுவிடுவது பலருக்குப் புண்ணியமாகத் தோன்றுகிறது. அது பெரும் கேடு. அமெரிக்காவின் புளோரிடாவில் 1950களின் இறுதியில் மீன் பண்ணை வழியாக நீர்நிலைக்குள் புகுந்த ஆஸ்கார், இன்று அந்த மாநிலத்தின் தென்பகுதியில் நிலைகொண்டுவிட்டது. நீர் சுமார் 13 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்ந்தால் இம்மீன் மடியும். நம் சமவெளி ஏரிகளில் அந்தக் குளிர் ஏது? ஒரு முறைக்கு ஆயிரம் முதல் மூவாயிரம் முட்டைகள் வரை இட்டு, தாயும் தந்தையும் சேர்ந்து குஞ்சுகளைக் காக்கும் மீன் இது. 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட ஜிலேபி எப்படிப் பெருகியது என்பதைக் கண்ணால் கண்டவர்கள் நாம். ஏரியின் நாட்டு மீனை நம்பிப் பிழைக்கும் மீனவரும் நம் கடைக்கு வரும் வாடிக்கையாளரே என்பதை மறத்தலாகாது.

எனவே ஆஸ்கார் விற்கும் உறுப்பினர்கள் தொட்டியருகில் ஒரு சிறு அட்டை மாட்டுமாறு கேட்டுக்கொள்கிறோம். மீனின் பெயர், முழு வளர்ச்சி அளவு, தேவையான தொட்டி, சேர்த்து வளர்க்கக் கூடாத மீன்கள் ஆகிய நான்கையும் அதில் எழுதுங்கள். வளர்க்க முடியாமற்போனால் மீனைக் கடைக்கே திருப்பிக் கொண்டுவரலாம் என்று ஐந்தாவதாக ஒரு வரியும் சேருங்கள். அட்டைக்கு ஆகும் செலவு சில ரூபாய்தான். அதனால் வரும் நம்பிக்கை நம் கடைக்கு நிலைத்த மூலதனமாகும்.