வறண்ட சீமையில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை! கோட்டைப்பட்டினம் உஷாராக வேண்டாமா?

கோட்டைப்பட்டினம்:

"வானம் பார்த்த பூமி, இங்கே எங்கய்யா வெள்ளம் வரப்போவுது?" என்று பேசுவோர் காயல்பட்டினத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அதுவும் மழை குறைந்த கடற்கரைதான். 2023 டிசம்பர் 17, 18-ந் தேதிகளில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது! ஒரு வருஷ மழையைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே தவித்தனர்.

காரணம் என்ன?

நேரில் வந்து அடித்தது, குமரிக்கடல் பக்கம் நின்ற காற்றுச் சுழற்சி. பின்னால் இருந்து களம் அமைத்தது 'எல் நினோ'. அதாவது, பசிபிக் பெருங்கடலின் நடுவிலும் கிழக்கிலும் தண்ணீர் வழக்கத்துக்கு மேல் சூடாவது. சில வருஷத்துக்கு ஒரு முறை இது வரும். அப்போது வடக்கே ஆடி, ஆவணி மழை பெரும்பாலும் குறையும். நமக்கோ ஐப்பசி, கார்த்திகை மழை கூடும். 2023-ல் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கமும் சூடேறி, இதோடு கைகோத்தது.

"எல் நினோ இல்லை" என்று தூங்கவும் முடியாது. அது ஓய்ந்த பிறகு, 2024 நவம்பர் 20-ந் தேதி நம் தெற்கே ராமேசுவரத்தில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது!

ஐப்பசி பிறக்கும் முன்பே கண்மாய்க் கரை, கலுங்கு, வரத்து வாய்க்காலை அதிகாரிகள் சரிபார்க்க வேண்டும். மழை சொல்லிவிட்டு வராது!