சங்கிலிக்குப் பதில் ஒரு நர்சு!

"உன்னைக் கீழ்ப்பாக்கத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்!"

சென்னையில் ஒருவரைக் கேலி செய்வதற்கு இப்படிச் சொல்வது வழக்கம். கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் இருப்பதே இதற்குக் காரணம். 1794-ம் ஆண்டில் தொடங்கப்பட்ட அந்த ஆஸ்பத்திரி, 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. கேலி பேசுகிறவர்களில் பெரும்பாலோர் அதன் வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டார்கள்.

ஆனால், நர்சு வேலைக்குப் படிக்கிறவர்கள் அப்படி ஒதுங்கிவிட முடியாது. மனநோய் வார்டில் பயிற்சி பெறுவதும் அவர்கள் படிப்பில் ஒரு பகுதி ஆகும். "அடித்துவிடுவார்களோ, கடித்துவிடுவார்களோ" என்று வீட்டில் உள்ளவர்கள் பயப்படுவார்கள். மாணவிகளுக்கும் முதல் நாள் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும்.

முதல் பாடம்

மற்ற வார்டுகளில் கட்டைப் பார்த்தால் காயம் தெரியும். உடம்பைத் தொட்டால் காய்ச்சல் தெரியும். இங்கே நோயின் அடையாளம் நோயாளியின் நடத்தையில் இருக்கிறது. ஆகவே, பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் முதல் பாடம்.

நோயாளி எப்படி உடுத்தியிருக்கிறார்? பேச்சு வேகமாக இருக்கிறதா, மெதுவாக இருக்கிறதா? இன்று என்ன கிழமை என்று தெரிகிறதா? தமக்கு நோய் இருப்பதை அவர் உணர்கிறாரா? இவை அனைத்தையும் கவனித்து எழுத வேண்டும்.

"நோயாளி முரட்டுத்தனமாக நடந்தார்" என்று எழுதினால் போதாது. "காலை 8 மணிக்குச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினார். 'இதில் விஷம் இருக்கிறது' என்றார்" என்று எழுத வேண்டும். முதலில் சொன்னது எழுதியவரின் அபிப்பிராயம். இரண்டாவதுதான் டாக்டருக்குப் பயன்படும்.

குரல் கேட்கிறது!

"யாரோ என் காதில் திட்டிக்கொண்டே இருக்கிறார்கள்" என்று ஒரு நோயாளி சொல்கிறார். "அப்படி யாரும் இல்லை" என்று வாதாடினால், அவர் பேச்சையே நிறுத்திவிடுவார். "ஆமாம்" என்று தலையாட்டினால், நோய்க்குத் துணை போனது போல் ஆகும். "எனக்கு அது கேட்கவில்லை, ஐயா. ஆனால், நீங்கள் பயந்திருப்பது தெரிகிறது. நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும்.

நோயாளிக்கு ஆத்திரம் வந்தால் சற்று எட்ட நிற்க வேண்டும். வாசலை மறைக்கக் கூடாது. ஒருவர் மட்டுமே, தாழ்ந்த குரலில் பேச வேண்டும்.

துயரத்தில் மூழ்கியவரிடம், "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேட்கக் கற்றுக்கொள்கிறார்கள். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது வீண் பயம். பல நாள் முடங்கிக் கிடந்தவர் திடீரென்று அமைதியாகிவிட்டால், கண்காணிப்பைத் தளர்த்தக் கூடாது. அப்போதுதான் அதிகக் கவனம் தேவை.

மருந்தும் மனிதரும்

1952-ல் பாரிசு டாக்டர்கள் மனநோயாளிகளுக்குக் குளோர்புரோமசின் என்ற மருந்தைக் கொடுத்துப் பலன் கண்டார்கள். அதே ஆண்டில், ஹில்டகார்டு பெப்லா என்ற அமெரிக்க நர்சு ஒரு நூலை வெளியிட்டார். நர்சுக்கும் நோயாளிக்கும் ஏற்படும் உறவும் சிகிச்சைதான் என்று அதில் விளக்கினார்.

இன்றைய படிப்பில் இந்த இரண்டும் உண்டு. மாத்திரையை நோயாளி விழுங்கினாரா, நாக்கின் அடியில் ஒளித்துக்கொண்டாரா என்று நர்சு பார்க்க வேண்டும். மருந்தால் கை நடுங்குகிறதா, உடம்பு விறைக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும். பெங்களூரில் 1956-லேயே இதற்குத் தனிப் படிப்பு தொடங்கப்பட்டது.

ஏர்வாடி

இந்தப் பயிற்சி இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? 2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி நாட்டுக்கே அது தெரிந்தது.

ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் நடத்திய மனநோயாளிகள் விடுதி ஒன்றின் கீற்றுக் கொட்டகையில் அதிகாலையில் தீப்பிடித்தது. அங்கிருந்தவர்களால் ஓட முடியவில்லை. காரணம், அவர்களைச் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். என்றாவது குணமாகும் என்று நம்பிக் குடும்பத்தார் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள்.

2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தடை விதித்தது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல டாக்டரின் அனுமதியோடு நோயாளியைக் கட்டுப்படுத்தலாம். அதுவும் தேவையான நேரத்துக்குத்தான். தண்டனையாகச் செய்யவே கூடாது.

சட்டம் சங்கிலியை அகற்றிவிட்டது. ஆனால், இரவு 2 மணிக்கு ஒரு நோயாளி அலறி எழுந்தால் அருகில் போய் நிற்பது யார்? 2015-16-ல் 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடந்தது. மனநோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை, நோய்க்குத் தக்கபடி, சிகிச்சை இல்லாமலே இருப்பதை அது காட்டியது.

பயத்தோடு வார்டுக்குள் நுழையும் மாணவி, அந்த நேரத்தில் பயப்படாமல் அருகில் போய் நிற்கக் கற்றுக்கொண்டு வெளியே வருகிறார். சங்கிலி செய்ய முடியாத வேலை அது.